சாக்கில் விளைந்த உருளைக்கிழங்கு



எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் கூட இல்லாத சின்னத் தோட்டம் இருக்கிறது. அதில் காரட் வரும், பீன்ஸ் வரும், உருளைக்கிழங்கு மட்டும் வராது. நீலகிரியில் இருந்துகொண்டு கடையில் உருளைக்கிழங்கு வாங்குகிறோம் என்றால் சிரிப்பீர்கள். பாட்டியிடம் கேட்டால், "அந்த மண்ணுக்கு நோவு வந்துடுச்சு கண்ணு. செடி மஞ்சளாப் போயிடும், கிழங்கு கோலிகுண்டு மாதிரி நிக்கும்" என்பார்கள்.

அந்த நோவின் பெயர் தங்க நூற்புழு. 1961-ல் நீலகிரியில்தான் இந்தியாவிலேயே முதன்முதலாக இதைக் கண்டுபிடித்தார்கள். புழு என்றதும் நெளிகிற பெரிய புழுவை நினைக்காதீர்கள். பெண்புழு வேரில் தலையைச் செருகிக்கொண்டு சாறு உறிஞ்சும். உடம்பு உருண்டையாகி வெள்ளையாக, பிறகு தங்கநிறமாக மாறும். அது செத்த பிறகு தோல் கெட்டியாகி முட்டைப்பெட்டி ஆகிவிடும். கடுகைவிடச் சின்ன அந்தப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள்! செடியே இல்லாவிட்டாலும் அவை மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். பக்கத்தில் உருளைக்கிழங்கு வேர் வளர்ந்தால், அந்த வேரில் கசியும் பொருளை உணர்ந்து பொரிந்து வெளியே வரும். என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! தக்காளி, கத்தரி வேரும் அதற்குப் பிடிக்கும்.

நிலத்து மண்ணை மாற்ற முடியாது, சாக்குக்குள் போடும் மண்ணை நாமே தேர்ந்தெடுக்கலாம் அல்லவா? அதுதான் என் யோசனை.

இரண்டு உரச்சாக்கு, ஒரு 20 லிட்டர் பெயிண்ட் வாளி எடுத்துக்கொண்டேன். நன்றாகக் கழுவி, அடியிலும் ஓரத்திலும் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டேன். மண் எடுத்தது தேயிலைத் தோட்ட ஓரத்தில், உருளைக்கிழங்கோ தக்காளியோ எந்தக் காலத்திலும் போடாத இடத்தில், அனுமதி கேட்டுத்தான். தேயிலை மண் புளிப்பு மண், உருளைக்கிழங்குக்கும் கொஞ்சம் புளிப்புதான் பிடிக்கும். அதனால் சுண்ணாம்போ நிறைய சாம்பலோ போடக் கூடாது, போட்டால் தோலில் சொறி வரும். மண் இரண்டு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, கொஞ்சம் மணல். பச்சைச் சாணம் வேண்டாம். சாக்குகளைத் தரையில் வைக்காமல் கல் அடுக்கி, அதன்மேல் வைத்தேன். தரையில் வைத்தால் ஓட்டை வழியாக வேர் கீழே இறங்கிப் புழுவுக்கு விருந்து வைத்துவிடும்.

விதைக்கிழங்கு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. சமையலுக்கு வாங்கிய கிழங்கும் முளைக்கும், ஆனால் அதோடு என்ன நோய் வருகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சான்று பெற்ற குப்ரி ஜோதி கிழங்கு ஐந்து வாங்கினோம், ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு. (குப்ரி என்பது இமாசலப் பிரதேசத்தில் உள்ள ஊர். அதனால்தான் பல ரகங்களுக்கு இந்தப் பெயர். நம் முத்தோரை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான குப்ரி சுவர்ணா 1985-ல் வந்தது, அது தங்க நூற்புழுவைத் தாங்கும் ரகம்.) வெளிச்சம் படும் இடத்தில் வைத்து, குட்டை முளை வந்ததும் ஏப்ரல் இரண்டாம் வாரம் நட்டேன்.

இப்போது ஒரு கேள்வி. உருளைக்கிழங்கு வேரா, தண்டா? நம் வகுப்பில் பாதிப்பேர் வேர் என்றுதான் சொன்னார்கள். தண்டு! கிழங்கில் உள்ள கண்தான் கணு, அதில்தான் முளை வரும். சர்க்கரைவள்ளிதான் வேர். மண்ணுக்குள் இருக்கும் தண்டின் கணுவிலிருந்து வெள்ளைக் கிளைகள் பக்கவாட்டில் ஓடும், அதன் நுனி பருத்தால் கிழங்கு. செடி ஒரு ஜாண் வளர்ந்ததும் மண் அணைப்பது இதற்காகத்தான்.

அப்படியானால் சாக்கை உயர்த்தி மண்ணைப் போட்டுக்கொண்டே போனால் மேலே வரை கிழங்கு காய்க்குமா? காய்க்கும் என்று பலர் சொல்கிறார்கள். ஒரு சாக்கில் முக்கால் அடியோடு நிறுத்தினேன், இன்னொன்றில் இரண்டு அடி வரை அணைத்தேன். இரண்டிலும் இரண்டிரண்டு செடி. தாழ்ந்த சாக்கில் 1 கிலோ 150 கிராம், உயர்ந்த சாக்கில் 1 கிலோ 200 கிராம். உயர்ந்த சாக்கில் கிழங்கெல்லாம் அடியில்தான் கிடந்தது, மேலே வெறும் தண்டு. ஒரே ஒரு தடவை செய்ததுதான், வேறு ரகத்தில் மாறலாம். ஆனாலும் அவ்வளவு மண்ணைச் சுமந்து என் முதுகு வலித்தது மிச்சம்!

சாக்கு மண் சீக்கிரம் காயும். வெயில் நாளில் தினமும் விரலை விட்டுப் பார்த்து ஊற்றணும். ஜூன், ஜூலையில் பிரச்சினை நேர்மாறு. மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் இலைக்கருகல் வரும். 1845-ல் அயர்லாந்தில் இந்த நோய்தான் வயல் வயலாக அழித்தது, அடுத்து வந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இலை ஈரமாகவே இருந்தால்தான் அது பரவும். அதனால் வாளியை வெளிச்சம் வரும் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிட்டேன். வயலை நகர்த்த முடியுமா?

ஆகஸ்டில் இலை பழுத்ததும் தண்டை அறுத்துவிட்டு, பத்து நாள் சும்மா விட்டேன். கட்டைவிரலால் தேய்த்தால் தோல் உரியாத பதம் வந்த பிறகுதான் சாக்கைக் கவிழ்த்தேன். வாளியில் ஒரே செடி, 650 கிராம். ஆக மொத்தம் 3 கிலோ. மூன்று கிழங்கு வெளிச்சம் பட்டுப் பச்சையாகி இருந்தது. அம்மா பச்சையைச் சீவிவிட்டுப் போடலாம் என்றார்கள், நான் விடவில்லை. பச்சை நிறம் இலையில் உள்ள பச்சையம்தான், ஆனால் அதோடு சேர்ந்து சோலனின் என்ற நஞ்சும் கூடும். வேகவைத்தாலும் அது போகாது.

மேட்டுப்பாளையம் அத்தை விதைக்கு இரண்டு கிழங்கு கேட்டார்கள். கொடுக்கவில்லை, கோபம்தான். ஆனால் நம் மலைக் கிழங்கை விதைக்காக வெளியூர் கொண்டுபோகக் கூடாது என்று விதி இருக்கிறது. ஒட்டிய மண்ணோடு புழுவும் போய்விடும். அவர்களுக்கு அங்கேயே சான்று விதை வாங்கி, அக்டோபர், நவம்பரில் நடச் சொன்னேன். இரவில் குளிர்ச்சி இல்லாவிட்டால் செடி வளரும், கிழங்கு இறங்காது.

சாக்கு மண்ணில் இப்போது பீன்ஸ் போட்டிருக்கிறேன். அடுத்த உருளைக்கிழங்குக்குப் புது மண் எடுக்கணும். உரச்சாக்கு கிழியாமல் யார் வீட்டிலாவது இருந்தால் கொடுங்கள்.

— 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி