புலமைப்பரிசிலுக்கான இலக்கியக் கட்டுரை

உதவிப்பணம் கிடைக்காவிட்டால் படிப்பே நின்றுவிடும் நிலையிலுள்ள பிள்ளைகள்கூட, விண்ணப்பத்துடன் அனுப்பும் கட்டுரையில் கதையைச் சுருக்கி எழுதி, 'சிறந்த நாவல்' என்று முடித்துவிடுகின்றனர். கதை தெரிவுக்குழுவுக்குத் தெரியும்; மாணவர் அதில் எதைக் கண்டார் என்பதே தெரியாது.

அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யை (1973) எடுத்துக்கொள்வோம். வன்னியின் தண்ணிமுறிப்பே அதன் களம். பதஞ்சலியின் கதைக்கு அப்பறவையின் பெயர் ஏன் என்ற ஒரு கேள்வி போதும். நிலக்கிளி எங்கே கூடு கட்டும், எப்படி அகப்படும் என்று காட்டுக்குப் போய்வரும் தந்தையிடம் வன்னி மாணவி கேட்கலாம். (கொழும்புப் பிள்ளைகளுக்கு இவ்வசதி இல்லை!) பின்னர் நாவலில் பொருந்தும் இரண்டு மூன்று இடங்களைப் பக்க எண்ணுடன் காட்டட்டும், பொருந்தாத இடத்தையும் மறைக்க வேண்டாம்.

ஆசிரியர்கள் எழுத்துப்பிழையை மட்டும் திருத்துவார்களாக. வசனங்களையே மாற்றி எழுதிக் கொடுத்தால், நேர்முகத்தேர்வில் பிள்ளை தடுமாறும்.