ஆங்கில மரபுத் தொடர்களும் தமிழ் வழக்கும்

ஒரு மொழியின் சொற்களை அகராதியிற் காணலாம். அதன் அமைதியை இலக்கண நூலிற் கற்கலாம். ஆயின், அம்மொழி பேசுவார் பல சொற்களை ஒருங்கு சேர்த்து, அவை தனித்தனியே தாராத பொருளொன்றை உணர்த்தும்போது, அகராதியும் இலக்கணமும் போதிய துணையாவதில்லை. இவ்வாறு வருவனவற்றை மரபுத் தொடர் என்கிறோம். 'அவன் கம்பி நீட்டினான்' என்னுமிடத்துக் கம்பியுமில்லை, நீட்டலுமில்லை. ஓடிப்போனான் என்பதே கருத்து. 'வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மகனைப் படிக்கவைத்தாள்' என்றால் கயிற்றைத் தேடுவார் யார்? தமிழ்க் குழந்தை இவற்றைத் தாய்மடியிலேயே அறிந்துகொள்கின்றது. ஆங்கிலத் தொடர்களையோ நம்மவருட் பலர் கல்லூரிக்கு வந்த பின்னரே எதிர்ப்படுகின்றனர், எதிர்ப்பட்டு இடறுகின்றனர். அவ்வாறு இடறினாருள் எம்மையும் எண்ணிக்கொள்க.

எம் ஊர் கே.ஜி. கண்டிகை. அது திருத்தணிகை மலைக்கு அண்மையது. ஆந்திர எல்லைக்கும் அணித்து. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கக் கேட்டு வளர்ந்தோம். ஊர்ப்பக்கத்தில், முன்னோர் சிலர் எழுத்தறிந்த பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்றுண்டு. ஓடுகள் சரிந்து, மரங்கள் செல்லரித்து நிற்கும் அதனை என் செய்வது என்று ஆராய, உரியவர்கள் சென்ற ஆண்டு ஒரு கூட்டம் கூட்டினர். வெளியூரினின்று வந்த பெரியவர் ஒருவர் ஆங்கிலத்திற் பேசினார். அதனைத் தமிழிற் பெயர்த்துக் கூறும் பணி எமக்கு வாய்த்தது. அவர் அக்கட்டடத்தை 'ஒயிட் எலிபன்ட்' என்றார். யாம் சிறிதும் தாழாது, 'இக்கட்டடம் ஒரு வெள்ளை யானை போன்றது' என்றோம். கூடியிருந்தோர் முகமலர்ந்து கைதட்டினர். தம் கருத்துக்கு ஊரார் இசைந்தனர் என்று பெரியவர் கொண்டார். தம் கட்டடத்தை அவர் வியந்து போற்றினார், இனிப் பழுது பார்ப்பர் என்று ஊரார் கொண்டனர். ஒரு வாரம் கழித்து ஓடுகளை இறக்க ஆட்கள் வந்து நின்றனர். சிறுவயதில் அங்கே அரிச்சுவடி படித்த முதியவர் ஒருவர் எம்மை நோக்கி, "ஏன் தம்பி, வெள்ளை யானை என்று புகழ்ந்துவிட்டு இடிக்க வருகிறார்களே?" என்றார். அன்று எம்மிடம் விடையில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

ஆங்கிலேயர் 'வெள்ளை யானை' என்பது, காப்பதற்குப் பெரும் பொருள் வேண்டுவதும், பயனோ மிகச் சிறியதுமான உடைமையை. சீயம் நாட்டு அரசர் தாம் வெறுத்த அதிகாரிக்கு வெள்ளை யானையைப் பரிசாக அளிப்பர் என்றும், தெய்வத் தன்மையுடைய அதனை வேலை வாங்கவும் இயலாது, விற்கவும் இயலாது, தீனி போட்டே பெற்றவன் வறியவனாவான் என்றும் அவர்கள் ஒரு கதை வழங்குவர். தமிழர்க்கோ வெள்ளை யானை இந்திரனது ஐராவதம், பெருமையின் உச்சி. எம் ஊர்ப்புறத்தில் இக்கருத்து இன்னும் ஆழமாக வேரூன்றியது. இந்திரன் தன் மகள் தெய்வயானையை முருகனுக்கு மணமுடித்தபோது ஐராவதத்தையும் சீராகக் கொடுத்தான் என்பது திருத்தணிகைத் தலக் கதை. 'வெள்ளை யானை போன்றது' என்ற சொல் அம்மக்கள் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? யாம் கூறியிருக்க வேண்டியது, 'இது யானையைக் கட்டித் தீனி போடுவது போலாம்' என்பதே. தமிழிற் பழகிய தொடர் கையருகில் இருக்க, அதனை விட்டு அயலாரின் யானையை அவிழ்த்துவந்தோம்.

நிற்க. ஆங்கில மரபுத் தொடர்களைத் தமிழோடு வைத்து நோக்கின் அவை நால்வகைப்படக் காண்கிறோம்.

முதலாவது, உருவும் பொருளும் ஒத்தன. ஒருவனை ஏமாற்றுதலை 'கண்ணில் மண்ணைத் தூவுதல்' என்கிறோம். ஆங்கிலேயரும் கண்ணிற் புழுதி எறிதல் என்பர். இவற்றில் இடர்ப்பாடில்லை.

இரண்டாவது, உரு வேறாய்ப் பொருள் ஒத்தன. 'நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோதல்' என்பது ஆங்கில வழக்கு. டைன் ஆற்றங்கரையிலுள்ள அந்நகரினின்றே இலண்டனுக்கு நிலக்கரி கப்பலேறிற்று. அங்கே கரி விற்கப் போவான் பேதை. நாம் இதனைக் 'கொல்லத் தெருவில் ஊசி விற்றல்' என்போம். 'வெயில் உள்ளபோதே புல்லை உலர்த்து' என்பான் ஆங்கிலக் குடியானவன். அவன் நாட்டில் மழை எந்நேரமும் வரும். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பான் நம் உழவன். களத்தில் நெல்லைக் குவித்துக் காற்றுக்குக் காத்திருப்பது அவன் தொழில். ஒரே கல்லால் அவர்கள் இரு பறவைகளை வீழ்த்துகின்றனர். நாம் இரண்டு மாங்காய்களை வீழ்த்துகிறோம். இவ்விடங்களில் சொல்லைப் பெயர்த்தல் ஆகாது. அதே பொருளுக்குரிய நம் வழக்கினைத் தேடி எடுத்தல் வேண்டும்.

மூன்றாவது, உரு ஒத்துப் பொருள் மாறுபட்டன. இவையே பெரிதும் ஏமாற்றுவன. வெள்ளை யானை இவ்வகையது. இன்னொன்று காண்போம். ஆங்கிலேயர் அன்புடைய வரவேற்பை வெம்மையுடையது என்றும், அன்பற்றதைக் குளிர்ந்தது என்றும் கூறுவர். பனியில் நடுங்குவார்க்கு அடுப்பின் வெம்மையே இன்பம். சித்திரை வெயிலில் திருத்தணிகைப் படிகளில் ஏறியவர்க்கோ மனம் குளிர்தலும் வயிறு குளிர்தலுமே இன்பம். 'எமக்குக் குளிர்ந்த வரவேற்பு அளித்தனர்' என்று பெயர்த்தால் இகழ்ச்சி புகழ்ச்சியாகிவிடும். 'கை கழுவுதல்' என்பதும் அத்தகையதே. பிலாத்துவின் செயலை உட்கொண்ட ஆங்கிலத் தொடர், 'இதில் எனக்குப் பொறுப்பில்லை' என்பதைக் குறிக்கும். தமிழில் 'அவனைக் கை கழுவிவிட்டார்கள்' என்றால், அறவே விட்டொழித்தார்கள் என்பது கருத்து. இரண்டும் அண்மையன, ஆயினும் ஒன்றல்ல.

நான்காவது, நமக்குப் பழக்கமே இல்லாத உருவை உடையன. முன்பின் அறியாதாரிடையே நிலவும் கூச்சத்தைப் போக்கிப் பேச்சைத் தொடங்குதலை ஆங்கிலேயர் 'பனிக்கட்டியை உடைத்தல்' என்பர். உறைந்த ஆற்றில் பனியை உடைத்துப் படகுக்கு வழிசெய்தல் அவர்கள் கண்ட காட்சி. நம் நாட்டுக்கோ பனிக்கட்டி அமெரிக்காவினின்று கப்பலேறி வந்தது. அதனைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ், 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. விலைகொடுத்து வாங்கிய அருமைப் பொருளை உடைப்பதில் கூச்சம் தீரும் என்று தமிழன் எங்ஙனம் அறிவான்?

இனி, அயல் வழக்கு அனைத்தையும் விலக்குக என்பது எம் கருத்தன்று. 1856இல் இராயபுரத்தினின்று வாலாசா வரை இருப்புப் பாதை திறந்தது. அரக்கோணம் பெரிய சந்திப்பாயிற்று. திருத்தணிகைக்கும் புகைவண்டி வந்தது. கொடியசைத்து வண்டியை விடுதலை மக்கள் கண்ணாரக் கண்டனர். ஆதலின் 'பச்சைக் கொடி காட்டினார்' என்பது இன்று எவர்க்கும் விளங்கும். அதனோடு அமையாது, 'அவன் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட்டது' என்று, மறைந்த குற்றம் வெளிப்படுதலைக் குறிக்கத் தாமே ஒரு தொடரைப் படைத்துக்கொண்டனர். பொருள் வாழ்க்கையிற் புகுந்தபின் தொடர் மொழியிற் புகுதல் இயல்பு. தொடர் மட்டும் தனியே புகுமாயின் அது விருந்தாகாது, சுமையாகும்.

'முதலைக் கண்ணீர்' என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். முதலை தன் இரையைத் தின்னும்போதே கண்ணீர் வடிக்கும் என்று ஐரோப்பியர் பண்டு நம்பினர். பொய்யழுகைக்கு அதனைப் பெயராக்கினர். இத்தொடர் இன்று தமிழிலும் பெருவழக்கு. ஆயின் அதற்கு முன்னரே நம்மிடம் 'நீலிக் கண்ணீர்' இருந்தது. அதன் பிறப்பிடம் எமக்கு அயலன்று. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரே. வணிகனைப் பழிவாங்கக் கருதிய நீலி என்னும் பேய், அவன் மனைவிபோல் உருக்கொண்டு, கையிற் குழந்தையுடன் ஊரவைமுன் நின்று அழுதாள். அவள் கண்ணீரை நம்பிய வேளாளர் எழுபதின்மர் வணிகனை அவளோடு விடுத்தனர். அவன் உயிருக்குத் தம் உயிரைப் பிணையாக வைத்தனர். விடியலில் அவன் இறந்துகிடக்கக் கண்டு, எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாது தீப்புகுந்தனர் என்பது வரலாறு. சம்பந்தரும் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதனைக் குறிக்கின்றார். முதலைக் கண்ணீரில் பொய் மட்டுமே உண்டு. நீலிக் கண்ணீரில் அப்பொய்யை நம்பினார் அடைந்த கேடும், அவர்தம் வாய்மையும் உடன் தோன்றுகின்றன. இத்துணைப் பொருளுடைய தொடரை நாம் மறத்தல் நன்றோ?

மறைநூல் வழியே ஆங்கிலத்திற் புகுந்த தொடர்களும் பல. தரங்கம்பாடியில் சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முற்றுப்பெற்றது. அவர் தொடங்கி, பெப்ரீசியுஸ், இரேனியுஸ், பெர்சிவல், பவர் எனப் பலர் மறைநூலைத் தமிழாக்க உழைத்தனர். பெர்சிவலார் தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் ஆவர். 1874ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டன உள்ளன. இத்தகையோர் கையாண்ட வழி நமக்குப் பாடமாகும்.

பேரன்புக்குரியாரை ஆங்கிலேயர் 'கண்ணின் ஆப்பிள்' என்பர். கண்ணின் கருவிழி உருண்டையானதென்று கருதி இட்ட பெயர் அது. எபிரேய மொழியிலுள்ள சொல்லோ 'கண்ணிலுள்ள சிறு மனிதன்' என்னும் கருத்தினது என்பர். எதிர்நிற்பார் உருவம் விழியிற் சிறிதாகத் தோன்றுதலே காரணம். நாமும் அதனைப் பாவை என்கிறோம். வள்ளுவர் காமத்துப் பாலில் கருமணியிற் பாவையை விளித்துப் பேசவைக்கின்றார். ஆதலின் தமிழ் மறைநூல் ஆப்பிளைத் தேடாது 'கண்மணி' என்றமை மிகப் பொருத்தம்.

பிறர் குற்றத்தைத் தான் சுமப்பவனை ஆங்கிலத்தில் 'ஸ்கேப்கோட்' என்பர். இது தின்டேல் 1530இல் மறைநூலை ஆங்கிலமாக்கும்போது புனைந்த சொல். லேவியராகமத்தில் இரண்டு ஆடுகள் கூறப்படுகின்றன. ஒன்று பலியிடப்படும், மற்றொன்று மக்களின் பாவங்களைச் சுமந்து வனாந்தரத்துக்கு விடப்படும். இரண்டாவதே ஈண்டுக் குறித்தது. தமிழ் மறைநூல் அதனைப் 'போக்காடு' என்று அழகுற வழங்குகிறது. இக்காலச் செய்தித்தாள்கள் 'பலிகடா' என்கின்றன. அது வெட்டுண்ட முதல் ஆட்டுக்கே பொருந்தும்.

'சுவரில் எழுத்து' என்பது வரவிருக்கும் கேட்டின் அறிகுறி. பெல்ஷாத்சார் அரசன் விருந்தில் தோன்றிய கையெழுத்து இதன் மூலம். இதனைத் 'தலையெழுத்து' எனப் பெயர்ப்பார் பெரிதும் பிழைபடுவர். தலையெழுத்து பிறக்கும்போதே எழுதப்பட்டது, செய்வதற்கொன்றுமில்லை. சுவரெழுத்து ஒருவன் செய்த செயலுக்குத் தீர்ப்பு, காண்பார்க்கோ எச்சரிக்கை.

மாணவர் மறவாதிருக்க வேண்டிய இன்னொன்று, தொடரின் தகுதி. இறத்தலை 'வாளியை உதைத்தல்' என்பது ஆங்கிலத்தில் கொச்சை வழக்கு. நம் 'மண்டையைப் போட்டான்' என்பதற்கு இணையானது. துக்க வீட்டில் அதனைச் சொல்வார் இல்லை. 'இறைவனடி சேர்ந்தார்', 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்பன மங்கல வழக்கு. பொருள் ஒன்றாயினும் அவையும் இடமும் அறிந்து சொல்லாதவிடத்துக் கற்ற கல்வி பழிதரும்.

தொல்காப்பியர் மரபியலில் வழிநூல் வகை நான்கனுள் மொழிபெயர்ப்பையும் வைத்து எண்ணினார். மரபு கூறும் இயலிலேயே அது இடம்பெற்றது எமக்கு இன்று பெரிதும் பொருள்படுகின்றது. பெயர்ப்பவன் இருவர்க்கிடையே பிணை நிற்கிறான். அவன் சொல் பிழைத்தால் கேடடைவோர் அவனை நம்பினவரே. ஆதலின் தொடரைக் கேட்டவுடன், 'இதன் சொற்கள் யாவை?' என்று வினவாது, 'இதனைச் சொன்னவர் கருதியது யாது? எம் ஊரார் அதனை எங்ஙனம் சொல்வர்?' என்று வினவுதல் வேண்டும். விளங்காதாயின் பேசினாரையே கேட்டுத் தெளிதலில் நாணம் வேண்டா.

யாம் இரு திறத்தாரிடமும் சென்று எம் பிழையை ஒப்புக்கொண்டோம். ஓடிறக்கும் வேலை நின்றது. மீண்டும் கூடிய கூட்டத்தில் செலவுக் கணக்கு முழுதும் தமிழிலேயே படிக்கப்பட்டது. பெரிய கூடத்தை விட்டுவிடுவதென்றும், முன்னறையை மட்டும் ஊரார் தம் செலவில் ஓடு மாற்றிக் காப்பதென்றும் முடிவாயிற்று.

அன்று மாலை, முன்னர் எம்மை வினவிய முதியவருக்குச் சீய நாட்டுக் கதையைக் கூறினோம். அவர் நகைத்து, "தணிகை மலையிலே ஐராவதம் சாமியைப் பாராமல் கிழக்கே பார்த்து நிற்கிறதே, ஏன் தெரியுமா? அதைக் கொடுத்த பிறகு இந்திரன் செல்வம் தேய்ந்துபோயிற்று. அதனால் தன்னுலகம் நோக்கி நிற்கட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். அங்கே வாங்கினவன் கெட்டான். இங்கே கொடுத்தவன் கெட்டான். இதை அன்றே சொல்லியிருந்தால் எங்களுக்கு விளங்கியிருக்குமே, தம்பி!" என்றார்.