ஓம் விதி எதற்குச் செல்லும்?

நம்பிக்கை: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இதுதான் ஓம் விதி. கரண்ட் ஓடும் எதற்கும் இது பொருந்தும்.

உண்மை: அந்த வகுத்தல் மின்தடையின் வரையறை மட்டுமே. எந்தப் பொருளுக்கும் அப்படி வகுத்து ஓர் எண்ணை எடுத்துவிடலாம். 1827-ல் ஜெர்மானியரான கியார்க் சைமன் ஓம் நூலாக வெளியிட்ட கருத்து இதைவிடக் கறாரானது: அழுத்தத்தை இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கும், அந்த எண் அசையாது. அவர் அளந்து பார்த்தவை உலோகக் கம்பிகள். வெப்பநிலை மாறக் கூடாது என்பதும் நிபந்தனை. தேர்வுக்கு விதியை ஒப்பிப்பவர்கள் வேகமாகத் தாண்டிப்போகும் இடம் அதுதான்.

குண்டு பல்பை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் பல்பின் மின்தடை ஏறத்தாழ 880 ஓம். அணைத்து ஆறவிட்டு மல்டிமீட்டரை வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பல்பு கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டாம். டங்ஸ்டன் இழை 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும்போது தடை அவ்வளவு ஏறுகிறது. சுவிட்ச் போட்ட கணத்தில் இழை குளிர்ந்திருப்பதால் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் அப்போதுதான் உயிரை விடும். பாதி அழுத்தம் கொடுத்தாலோ ஓட்டம் பாதியாகாது, சுமார் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும்.

நம்பிக்கை: எல்.இ.டி.க்கும் ஓம் விதியில் கணக்குப் போடலாம்.

உண்மை: சிவப்பு எல்.இ.டி. 1.5 வோல்ட் வரை ஏறக்குறைய சும்மா இருக்கும். 2 வோல்ட்டை நெருங்கியதும் ஓட்டம் எகிறும். அதனால்தான் தொடரில் ஒரு ரெசிஸ்டர். 9 வோல்ட் பேட்டரியில் 20 மில்லி ஆம்பியர் வேண்டுமென்றால், மீதி 7 வோல்ட்டை 0.02-ஆல் வகுக்க 350 ஓம். இங்கே விதி செல்வது ரெசிஸ்டருக்கு.

நம்பிக்கை: ஏ.சி. கரண்டுக்கு ஓம் விதி கிடையாது.

உண்மை: இஸ்திரிப் பெட்டிக்கு நன்றாகவே பொருந்தும். அதன் நிக்ரோம் கம்பி சூடானாலும் தடை சில சதவீதமே கூடும். 1,000 வாட் பெட்டிக்குச் சுமார் 53 ஓம். ஃபேன் மோட்டார் அப்படியல்ல. சுருளின் ஓமை அளந்து 230-ஐ வகுத்தால் வரும் ஆம்பியர், ஓடும் ஃபேன் இழுப்பதைவிட மிக அதிகம். சுருளின் மின்தூண்டலும் ஓட்டத்தைத் தடுக்கிறது, அது மல்டிமீட்டரின் ஓம் அளவில் தெரியாது.