டெக்ஸ்ட் முதலில், நோட்ஸ் பிறகு

அன்பு மருமகளுக்கு,

ஆங்கில இலக்கியப் படிப்பில் 'டெக்ஸ்ட்' என்பது மூல நூல். 'நோட்ஸ்' என்பது அதைப் பற்றி வேறு யாரோ எழுதிவைத்தது. செமஸ்டர் நெருங்கும்போது ஆவடி மார்க்கத்து மின்சார ரயிலில் பி.ஏ. மாணவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். சீனியர் எழுதிய நோட்ஸின் ஜெராக்ஸ், அந்த ஜெராக்ஸின் ஜெராக்ஸ் என்று நான்கு கை மாறிவந்த தாளில் ஓரத்து எழுத்துகள் பாதி வெட்டுப்பட்டிருக்கும். கதாபாத்திரத்தின் பெயரில் ஒருவர் விட்ட பிழை, வகுப்பு முழுவதன் விடைத்தாளிலும் அப்படியே வந்து நிற்கும். இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு இந்தத் தாள்கள் ஓரளவு போதும். சென்னைப் பல்கலைக்கழக முறையில் ஒரு பேப்பருக்குச் செமஸ்டர் தேர்வு 75, இன்டர்னல் 25. அந்த 75-இல் கணிசமான பங்கு கட்டுரை விடைகளுக்குப் போகிறது. டெக்ஸ்டைப் படித்தவர் யார், படிக்காதவர் யார் என்பது அங்கேதான் வெளிப்படும்.

ஆர். கே. நாராயணின் 'தி கைடு' இதற்கு நல்ல சான்று. 1906-இல் புரசைவாக்கத்தில் பிறந்த நாராயண் 1958-இல் வெளியிட்ட நாவல் அது. 1960-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1965-இல் தேவ் ஆனந்த் நடித்து இந்திப் படமாகவும் வந்தது. படத்தின் முடிவில் மழை கொட்டுகிறது. நாவலில் அப்படி இல்லை. மழைக்காகப் பட்டினி கிடந்து தளர்ந்த போலிச் சாமியார் ராஜு ஆற்றில் நின்றபடி, மலைப் பக்கம் மழை பெய்கிறது, அது காலடியில் ஏறி வருவதை உணர முடிகிறது என்று தன்னை நம்பும் கிராமத்தான் வேலனிடம் சொல்லிவிட்டுச் சரிகிறான். கதை அதோடு முடிந்துவிடுகிறது. மழை வந்ததா, அவன் செத்தானா என்று நாராயண் சொல்லவில்லை. கதைச்சுருக்கத்தையோ படத்தையோ நம்பிய மாணவர் 'மழை பெய்தது, ஊர் பிழைத்தது' என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார். கடைசிப் பக்கத்தை மட்டுமாவது படித்தவருக்கு அந்தச் சந்தேகமே ஒரு முழுக் கட்டுரை. போலிச் சாமியார் உண்மையாகவே சாமியாராகிவிட்டானா என்ற கேள்வி முழுவதும் அந்த நான்கைந்து வரிகளில்தான் தொங்குகிறது.

ஒரு நூலை மூன்று முறை படிப்பது பழைய வழக்கம். 13-ஆம் நூற்றாண்டின் நன்னூலில் பவணந்தி முனிவர் இதைச் சொல்லியிருக்கிறார்: ஒரு முறை கேட்டவர் இரண்டாம் முறையும் கேட்டால் பிழை பெரும்பாலும் நீங்கும், மூன்றாம் முறையும் கேட்டால் பிறருக்கு முறையாக எடுத்துச் சொல்லத் தெரிந்துவிடும். ஆங்கில நாவலுக்கோ நாடகத்துக்கோ இதைப் பொருத்தினால், முதல் வாசிப்பில் பேனாவே வேண்டாம். புரியாத சொல் வந்தாலும் நிற்காமல் போக வேண்டும். யார் யார், என்ன நடந்தது, எங்கே அலுப்புத் தட்டியது என்பது தெரிந்தால் போதும். அலுப்புத் தட்டிய இடத்தை நினைவில் வைப்பது முக்கியம். பெரும்பாலும் அங்கேதான் ஏதோ விடுபட்டிருக்கும்.

இரண்டாம் வாசிப்பு பென்சிலோடு. வரிக்கு வரி கோடு போட்ட பக்கமும் கோடே போடாத பக்கமும் ஒன்றுதான். மஞ்சள் ஹைலைட்டர் கையில் வந்தவுடன் முழுப் பத்தியும் மஞ்சளாகிவிடுகிறது. பிறகு எதைத் தேடுவது? ஓரத்தில் இடும் குறிகள் மூன்று போதும்: புரியாத இடத்துக்குக் கேள்விக்குறி, திரும்பத் திரும்ப வரும் படிமத்துக்கு ஒரு வட்டம், கதை திரும்பும் இடத்துக்கு ஓர் அம்புக்குறி. கூடவே இரண்டு மூன்று சொற்களில் ஒரு கருத்து. அது தமிழில் இருந்தால் தவறில்லை. 'இவன் பொய் சொல்கிறான்' என்று ஓரத்தில் எழுதிய ஒரு வரி, வரிகளுக்கு மேலே நெருக்கி எழுதிய இருபது அகராதிப் பொருள்களைவிடத் தேர்வு நேரத்தில் கை கொடுக்கும்.

நூலகப் புத்தகத்தில் இதைச் செய்யக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை. அதற்குத் தாள் துண்டுகளை நறுக்கி, பக்க எண்ணும் குறிப்பும் எழுதிச் செருகிக்கொள்ளலாம். கோல்ரிட்ஜுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவருக்குப் புத்தகம் இரவல் கொடுத்தால் ஓரமெல்லாம் குறிப்போடு மதிப்புக் கூடித்தான் திரும்பி வரும் என்று அவருடைய நண்பர் சார்ல்ஸ் லாம் ஒரு கட்டுரையில் மெச்சியிருக்கிறார். கிளை நூலகப் பொறுப்பாளர் அப்படி மெச்சமாட்டார்.

அகராதி பார்ப்பதற்கும் ஓர் அளவு உண்டு. தெரியாத சொல் எல்லாவற்றையும் பார்த்தால் பத்துப் பக்கத்தில் கை ஓய்ந்துவிடும். மூன்று முறைக்கு மேல் வந்த சொல், வாக்கியத்தின் வினைச்சொல், தலைப்பில் உள்ள சொல் ஆகியவற்றைப் பார்த்தால் போதும். தெரிந்த சொல்லே ஏமாற்றும் இடங்கள்தான் ஆபத்தானவை. ஷேக்ஸ்பியரில் 'பிரசென்ட்லி' வந்தால் 'உடனே' என்று பொருள். 'ஸ்டில்' பல இடங்களில் 'எப்போதும்' என்ற பொருளில் வரும். ஜூலியட் மாடத்தில் நின்று 'வேர்ஃபோர்' என்று கேட்பது 'எங்கே' என்றல்ல, 'ஏன்' என்று. காதலன் எங்கே இருக்கிறான் என்பது அவள் கவலையே இல்லை. அவன் ஏன் பகைவர் வீட்டுப் பெயரைத் தாங்கியிருக்கிறான் என்பதுதான் அவள் கேள்வி. ஆகவே நாடகத்துக்கு அடிக்குறிப்புள்ள பதிப்பையே வாங்க வேண்டும். மலிவுப் பதிப்பில் மிச்சமாகும் பணம் இந்த ஒரு சொல்லிலேயே போய்விடும்.

மூன்றாம் வாசிப்பில் செய்வது நூலின் வகையைப் பொறுத்தது. முதலில் கவிதைக்கு வருவோம். பள்ளியில் திருக்குறளுக்குப் பதவுரை, பொழிப்புரை, விளக்கவுரை என்று படித்தவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. ஆங்கிலக் கவிதைக்கும் அதே வரிசைதான்: சொல்லுக்குச் சொல் பொருள், பிறகு மொத்தக் கருத்து ஓரிரு வாக்கியத்தில், அதற்குப் பிறகே நயம். பலர் நேரே நயத்துக்குத் தாவிவிடுகிறார்கள். உவமை இருக்கிறது, உருவகம் இருக்கிறது என்று பட்டியல் போடுகிறார்கள். கவிதையில் யார் யாரிடம் பேசுகிறார் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கவிஞர் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்ததை ஆராய்ந்து 1929-இல் 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' என்ற நூலை வெளியிட்டார். கவிதையின் நேர்ப்பொருளே பலருக்கு எட்டவில்லை என்பது அதில் அவர் கண்ட முதல் சிக்கல்.

நேர்ப்பொருள் எட்டுவதற்குத் தமிழ் இலக்கணத்திலேயே ஒரு கருவி இருக்கிறது. செய்யுளில் சிதறிக் கிடக்கும் சொற்களை எடுத்து வரிசைப்படுத்திப் பொருள் கொள்வதைக் கொண்டுகூட்டு என்பார்கள். மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' 1667-இல் வந்தது. அதன் முதல் வாக்கியம் 16 அடி நீளம். அதன் முதன்மை வினையான 'பாடு' ஆறாவது அடியில்தான் வருகிறது. முதல் ஐந்து அடிகளை வரிசையாக மொழிபெயர்க்க முயல்பவர் அங்கேயே திணறி நின்றுவிடுவார். வினையை முதலில் பிடித்து, யார் பாட வேண்டும் என்று கேட்டு, எதைப் பற்றி என்று கேட்டால் ஐந்து அடியும் தானாக அதன்பின் வந்து ஒட்டிக்கொள்ளும். குறிப்பேட்டில் இந்தக் கொண்டுகூட்டை ஒருமுறை எழுதிவைத்தால் போதும். மில்டன் மீதுள்ள அச்சம் பாதி தெளிந்துவிடும். சிறு கவிதையாக இருந்தால் கையால் முழுதும் பெயர்த்தெழுதி, வாய்விட்டும் படிக்க வேண்டும். ஓசை கண்ணுக்குத் தெரியாது.

நாடகத்துக்குக் கதைச்சுருக்கம் எழுதுவது வீண். அது எல்லா கைடிலும் இருக்கிறது. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு கட்டம் போட்டு, மேடையில் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன தெரியும், பார்வையாளருக்கு என்ன தெரியும் என்று நிரப்பினால் நாடகம் திறந்துகொள்ளும். 'மெக்பெத்'தில் டங்கன் அரசன் மெக்பெத்தின் கோட்டை வாசலில் நின்று காற்றின் இனிமையைப் புகழ்கிறான். அவனைக் கொல்லத் திட்டமிடுவது முந்தின காட்சியிலேயே பார்வையாளருக்குத் தெரியும். கட்டத்தில் இந்த இரண்டும் பக்கம் பக்கமாக நின்றால் 'ஐரனி' என்ற சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதே கட்டத்தில் செய்யுளா உரைநடையா என்று ஒரு பத்தியும் இருக்கலாம். ஐந்தாம் அங்கத்து முதல் காட்சியில் தூக்கத்தில் நடந்துவரும் லேடி மெக்பெத் உரைநடையில் பேசுகிறாள்; அதுவரை செய்யுளில் ஆணையிட்டவள். அவள் குலைந்துபோனதை ஷேக்ஸ்பியர் யாப்பிலேயே காட்டிவிடுகிறார். கட்டம் போடாதவர் கண்ணில் இது படாது.

நாவலுக்கு அத்தியாயத்துக்கு ஒரு வரியும், கதை சொல்வது யார் என்ற குறிப்பும் போதும். 'தி கைடு' தன்மையிலும் படர்க்கையிலும் மாறி மாறிப் போகிறது. எந்த அத்தியாயம் எதில் என்று பார்த்துக்கொண்டே வந்தால், ராஜு வேலனிடம் சொல்லும் கதைக்கும் ஆசிரியர் நமக்குச் சொல்லும் கதைக்கும் உள்ள இடைவெளி பிடிபடும்.

குறிப்பேட்டின் வடிவத்துக்குப் பலரும் கைக்கொள்வது கார்னெல் முறை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் உருவாக்கியது. 1962-இல் வந்த அவருடைய நூல் வழியாகப் பரவியது. லாங் சைஸ் நோட்டில் இடப்பக்கம் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு கோடு, கீழே ஐந்தாறு வரிக்கு இடம். வலப்பக்கத்து அகலமான பகுதியில் வகுப்பிலும் வாசிப்பிலும் கிடைத்தவை, இடப்பக்கத்தில் அவற்றுக்கான கேள்விகள், கீழே சுருக்கம். இங்கே செய்துகொள்ள வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு: கீழே உள்ள சுருக்கத்தை டெக்ஸ்டையும் நோட்டையும் மூடிவைத்துவிட்டு எழுத வேண்டும். பார்த்து எழுதினால் அது நகல். மூடிவிட்டு எழுதும்போது எது மறந்தது என்று உடனே தெரிந்துவிடும். இடப்பக்கக் கேள்வி தமிழில் தோன்றினால் தமிழிலேயே இருக்கட்டும். விடையை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிப் பழக வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவருக்குச் சிந்தனை ஒரு மொழியிலும் விடைத்தாள் இன்னொரு மொழியிலும் இருப்பது குறையே அல்ல. இரண்டுக்கும் நடுவே தினமும் பாலம் போடாமல் விடுவதுதான் சிக்கல்.

மூடிவைத்து எழுதுவதன் பயனை உளவியலாளர்களும் சோதித்திருக்கிறார்கள். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். தேர்வுக்கு முந்தின இரவு படித்தது ஹாலில் நினைவிருப்பதும், அரியர் எழுதும்போது அதில் ஒன்றுகூட மிஞ்சாததும் இதனால்தான். நன்னூலின் கணக்கு இன்னும் கறாரானது. ஆசிரியரிடமிருந்து கிடைப்பது கால் பங்கு. உடன் படிப்பவரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும். வகுப்பில் லெக்சரர் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதும் மாணவர் அந்தக் கால் பங்கிலேயே நின்றுவிடுகிறார்.

விமரிசகர்களைப் படிப்பது கடைசியில். ஏ. சி. பிராட்லி 1904-இல் எழுதிய 'ஷேக்ஸ்பியரியன் டிராஜெடி' கதாபாத்திரங்களை உயிருள்ள மனிதர்களாகவே எடுத்துக்கொண்டு ஆராயும். அந்தப் போக்கைக் கிண்டல் செய்து எல். சி. நைட்ஸ் 1933-இல் ஒரு கட்டுரை எழுதினார். லேடி மெக்பெத்துக்கு எத்தனை பிள்ளைகள் என்பதே அதன் தலைப்பு. இருவரையும் அடுத்தடுத்துப் படிப்பது, பத்து விமரிசகர்களின் மேற்கோளை உருப்போடுவதைவிட நன்று. விமரிசகர் சொன்னதை வேறு நிற மையில், பெயரோடு எழுதிக்கொள்ள வேண்டும். சொந்தக் கருத்தும் இரவல் கருத்தும் ஒரே மையில் இருந்தால் ஆறு மாதம் கழித்து எது யாருடையது என்று எழுதியவருக்கே தெரியாது.

எங்கே, எப்போது என்பதும் பொருட்டுத்தான். அம்பத்தூரில் காலை ரயில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. நின்றபடி பேனா பிடிக்கவும் முடியாது. அந்த நேரம் முதல் வாசிப்புக்கு ஏற்றது. பூந்தமல்லிப் பக்கமிருந்து பஸ்ஸில் வருபவருக்குக் குலுக்கலில் கண் வலிக்கும். முந்தின நாள் எழுதிய சுருக்கத்தை ஒரு வார்த்தைகூடப் பார்க்காமல் மனத்துக்குள் சொல்லிப் பார்க்க அந்தப் பயணம் போதும். பென்சிலும் கட்டமும் வீட்டு மேசைக்கு உரியவை. விமரிசன நூல்களுக்கு 1896-இல் திறக்கப்பட்ட எழும்பூர் கன்னிமாரா நூலகமும் 2010-இல் திறக்கப்பட்ட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் உண்டு. சென்ட்ரலில் இறங்கினால் கன்னிமாரா பக்கம்தான்.

தேர்வு முடிந்ததும் குறிப்பேட்டைப் பழைய பேப்பர் கடைக்குப் போடக்கூடாது. எம்.ஏ.வுக்கும் நெட் தேர்வுக்கும் டி.ஆர்.பி.க்கும் இதே ஷேக்ஸ்பியரும் மில்டனும்தான் திரும்ப வருவார்கள். அன்று கையில் இருக்கும் புத்தகம் வேறு பதிப்பாக இருக்கும். பக்க எண்கள் ஒத்துவராது. ஆகவே நாவலுக்குப் பக்க எண்ணோடு அத்தியாய எண்ணையும், நாடகத்துக்கு அங்கம், காட்சி, அடி எண்ணையும், கவிதைக்கு அடி எண்ணையும் இப்போதே எழுதிவிட வேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில் எந்தப் பதிப்பகம், எந்த வருடத்துப் பதிப்பு என்று ஒரு வரி.

அன்புடன்,
பெரிய மாமா
அம்பத்தூர்