தலை திரும்புகிறது, காக்பிட் திரும்பவில்லையா?

தலை அசைவைப் படித்து விளையாட்டுக்கு அனுப்பும் ஓப்பன்ட்ராக் மென்பொருளைப் போட்ட பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: அவுட்புட் பெட்டியைத் திறந்தால் இத்தனை பெயர் வருகிறதே, எதைத் தொடுவது?

1. தொடுவதற்கு முன், கோளாறு எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஸ்டார்ட் அழுத்தியதும் திரையில் இருக்கும் இளஞ்சிவப்பு ஆக்டோபஸ் உங்கள் தலையோடு சேர்ந்து ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் கேமராவையோ வெளிச்சத்தையோ கவனியுங்கள். அவுட்புட் மேல் பழி போடாதீர்கள். ஆக்டோபஸ் ஆடியும் விளையாட்டில் பார்வை அசையவில்லை என்றால் மேலே படியுங்கள்.

2. எந்த வழியில் அனுப்புவது என்பதை முடிவு செய்வது நீங்கள் இல்லை, விளையாட்டு. விமான, லாரி சிமுலேட்டர்களில் பெரும்பாலானவை நேச்சுரல்பாயின்ட் நிறுவனத்தின் ட்ராக்ஐஆர் கருவிக்காக எழுதப்பட்டவை. டிசிஎஸ், யூரோ டிரக் சிமுலேட்டர் 2, மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு 'ஃப்ரீட்ராக் 2.0 என்ஹான்ஸ்டு' போதும். பெயர் ஃப்ரீட்ராக் என்றாலும் ட்ராக்ஐஆர் பாஷையும் அதற்குத் தெரியும். வேலை நடப்பது இப்படி: விளையாட்டு விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் பார்த்து என்பிகிளையன்ட் என்ற டிஎல்எல் கோப்பை ஏற்றிக்கொள்கிறது. ஓப்பன்ட்ராக் நினைவகத்தில் எழுதி வைக்கும் எண்களை அந்தக் கோப்பு எடுத்துக் கொடுக்கிறது. பல விளையாட்டுகள் தொடங்கும்போது ஒரு தடவை மட்டுமே இந்தக் கோப்பைத் தேடும். அதனால் ஓப்பன்ட்ராக்கை முதலில் ஓடவிட்டு, பிறகு விளையாட்டைத் திறங்கள். எனக்குத் தெரிந்து பாதிப் புலம்பல் இந்த வரிசையை மாற்றியதால் வருவது.

3. ஆர்மா 3 போன்றவற்றுக்கு ஃப்ரீட்ராக், ட்ராக்ஐஆர் இரண்டு பாஷையும் தெரியும். இரண்டிலும் அனுப்பினால் குழப்பம். அவுட்புட் அமைப்புக்குள் போய் ஒன்றை மறைத்துவிடுங்கள்.

4. விளையாட்டை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் ஓப்பன்ட்ராக்கையும் அப்படியே ஓட்டுங்கள்.

5. 2006-இல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸை இன்னும் விடாத பழைய ஆட்கள் சிம்கனெக்ட் அவுட்புட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவும் மைக்ரோசாஃப்ட், இதுவும் மைக்ரோசாஃப்ட் என்று 2020-க்கும் அதையே போடாதீர்கள்.

6. மவுஸ் எமுலேஷன் எல்லாவற்றிலும் வேலை செய்யும் என்று ஆசை காட்டுவார்கள். பெரும்பாலும் செய்யும்தான். ஆனால் மவுஸுக்கு இரண்டு திசைதான் உண்டு. தலைக்கு ஆறு அசைவு. முன்னால் குனிந்து உயரமானியைப் படிப்பது, ஜன்னல் தூணைத் தாண்டி எட்டிப் பார்ப்பது, எதுவும் கிடைக்காது. துப்பாக்கி விளையாட்டில் நீங்கள் பார்த்த பக்கமெல்லாம் துப்பாக்கியும் திரும்பும். வேறு வழியே இல்லாத விளையாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

7. ஜாய்ஸ்டிக் எமுலேஷன் அதைவிடக் கொஞ்சம் தேவலை. வீஜாய் டிரைவரை நிறுவ வேண்டும். விளையாட்டிலும் பார்வையை ஒரு ஜாய்ஸ்டிக் அச்சில் கட்டிவிட இடம் இருக்க வேண்டும். புதிய ஜாய்ஸ்டிக் வந்திருப்பதாக நினைத்து, விளையாட்டு தானாகவே அதை வேறு எதற்காவது ஒதுக்கிவிடலாம். அப்புறம் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தால் விமானமே சாயும்! கட்டுப்பாடுகள் பட்டியலைத் திறந்து, தேவையில்லாத ஒதுக்கீடுகளை அழித்துவிட்டுப் பறக்கவும்.

8. நெட்வொர்க் வழியாக அனுப்பும் யூடிபி, விளையாட்டு வேறு கணினியில் ஓடினால் மட்டும். ஆறு எண்கள், மொத்தம் 48 பைட், அவ்வளவுதான் போகிறது. வழக்கமான போர்ட் 4242. போனைக் கேமராவாக வைத்திருப்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். போன் உங்களுக்கு அனுப்புகிறது, ஆகவே யூடிபி இன்புட் பெட்டியில் வர வேண்டும். அவுட்புட்டில் மேலே சொன்ன ஃப்ரீட்ராக்தான். அப்படியும் ஆக்டோபஸ் அசையாவிட்டால் விண்டோஸ் ஃபயர்வாலில் ஓப்பன்ட்ராக்குக்கு அனுமதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், போனில் எழுதிய கணினியின் ஐபி முகவரி இன்றும் அதேதானா என்று சரிபாருங்கள். ரவுட்டரை அணைத்துப் போட்டால் அது மாறிவிடுவதுண்டு.