பனித்தளத்தில் பெருந்தொற்று: காத்தது பரிசோதனையா, வேலியா?

இங்கே பேசப்படும் ஹாக்கி, தமிழ் வாசகர்கள் நன்கறிந்த தரை ஹாக்கி அன்று. உறைபனித் தளத்தில் சறுக்குக் காலணி அணிந்து, ‘பக்’ எனப்படும் ரப்பர் வில்லையைக் கோலால் அடித்து ஆடும் ஐஸ் ஹாக்கி ஆகும். அமெரிக்கா, கனடா இரு நாடுகளிலும் இவ்வாட்டத்தின் தலைமைத் தொடரை நடத்தும் தேசிய ஹாக்கி லீக், கொரோனா பரவலால் 2020 மார்ச் 12 அன்று பருவத்தை இடைநிறுத்தி, ஆகஸ்ட் 1 அன்று மீண்டும் தொடங்கி, செப்டம்பர் 28 அன்று டாம்பா பே லைட்னிங் அணி ஸ்டான்லி கோப்பையை வென்றதோடு நிறைவு செய்தது. அந்த வெற்றிகரமான மீள்தொடக்கம் சில தவறான நம்பிக்கைகளையும் விட்டுச் சென்றது.

நம்பிக்கை: நாள்தோறும் நடந்த பரிசோதனையே வீரர்களைக் காத்தது.

உண்மை: இறுதிக் கட்டத்தின் ஒன்பது வாரங்களில் செய்யப்பட்ட 33,174 பரிசோதனைகளில் ஒன்றில்கூடத் தொற்று காணப்படவில்லை என்பது மெய்யே, ஆயினும் பரிசோதனை என்பது புகுந்துவிட்ட கிருமியைக் கண்டறியும் வழியேயன்றி, அது புகாமல் தடுக்கும் வழி அன்று. தடுத்தது, ஐ.பி.எல். வாயிலாகப் பின்னர் தமிழ்ச் செய்தித்தாள்களிலும் புழங்கத் தொடங்கிய ‘பயோ பபுள்’, அதாவது வெளியுலகத் தொடர்பு அறுக்கப்பட்ட உயிர்க்குமிழி ஆகும். 24 அணிகள், அணிக்கு 52 பேருக்கு மிகாமல், டொரான்டோ, எட்மன்டன் ஆகிய இரு கனடிய நகரங்களில் தங்கவைக்கப்பட்டு, விடுதியும் அரங்கும் வேலியிட்ட ஒரே வளாகமாக்கப்பட்டு, பார்வையாளரின்றி ஆட்டங்கள் நடந்தன. போட்டி நகரமாகப் பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட லாஸ் வேகஸ், அங்கே தொற்று ஏறியதும் கைவிடப்பட்டது. எத்தனை கட்டுப்பாடுகள் விதித்தாலும் சுற்றியுள்ள ஊரின் நிலை வேலியைத் தாண்டி உள்ளே வரக்கூடும் என்பதை அமைப்பாளர்கள் உணர்ந்திருந்ததற்கு இதுவே சான்று.

வேலியின் பங்கு எவ்வளவு என்பது அடுத்த பருவத்தில் வெளிப்பட்டது. 2021 ஜனவரி 13 அன்று தொடங்கிய அப்பருவத்தில் பரிசோதனை தொடர்ந்தது, குமிழி இல்லை; வீரர்கள் தத்தம் வீடுகளில் வாழ்ந்து, ஊர் ஊராகப் பயணம் செய்தனர். டாலஸ் அணியின் முதல் ஆட்டங்கள் தொற்றால் தள்ளிப்போயின. வசந்த காலத்தில் வான்கூவர் அணியில் 21 வீரர்களும் பயிற்சிக் குழுவினர் நால்வரும், உருமாறிய வைரஸ் தொடர்புடைய பரவலில் சிக்கினர். கண்டறியும் ஏற்பாடு அப்படியே இருக்க, தடுக்கும் ஏற்பாடு மட்டும் அகன்றபோது நேர்ந்த விளைவு இது.

நம்பிக்கை: உயர்ந்த கூரையும் குளிர்ந்த காற்றும் கண்ணாடித் தடுப்புகளும் உள்ள அரங்கில் தொற்று பரவ வாய்ப்புக் குறைவு.

உண்மை: இதுவே மிகவும் பிழையான நம்பிக்கை. பனித்தளத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாவதால் மேலெழாமல், மேலேயுள்ள வெப்பக் காற்றோடு கலவாமல் கீழேயே தங்குகிறது. பக் பாய்ந்து பார்வையாளரைத் தாக்காதிருக்க நிறுவப்பட்ட ஒளிபுகும் தடுப்புச் சுவர், அக்காற்றைத் தொட்டியில் நிற்கும் நீர்போல் தேக்கிவைக்கிறது. பனியைச் சமன்செய்யும் வண்டிகளின் புகை இவ்வாறு தேங்கி ஆட்டக்காரர்களை நோயுறச் செய்த நிகழ்வுகள் பெருந்தொற்றுக்கு நெடுங்காலம் முன்பே பதிவாகியுள்ளன என்பதால், காற்றுவழிப் பரவும் கிருமியும் அங்கே தேங்கும் என்பது எதிர்பாராத செய்தி அன்று. 2020 ஜூன் 16 அன்று புளோரிடா மாநிலத்தின் டாம்பா பகுதியில் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்கள் ஆடிய ஒரே ஓர் ஆட்டத்துக்குப் பின், 22 ஆட்டக்காரர்களில் 14 பேருக்கும் அரங்க ஊழியர் ஒருவருக்கும் நோய் அறிகுறிகள் தோன்றியதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட அறிக்கை விவரிக்கிறது. நோயுற்றவர்களில் எதிரணியினரும் இருந்தனர். தேசிய ஹாக்கி லீக்கும் 2021 பிப்ரவரியில், காற்றோட்டத்துக்காக, வீரர்கள் அமரும் இருக்கை வரிசைக்குப் பின்னிருந்த கண்ணாடிகளை அகற்றச் செய்தது. கவசமெனக் கருதப்பட்ட கண்ணாடியே இடையூறாயிற்று. குமிழி அமைக்கும் பொருள்வளம் எந்தச் சிற்றூர் அரங்குக்கும் இராது; ஆனால் தேங்கும் காற்றை நகர்த்துவது அவற்றுக்கும் இயலும் என்பதால், இந்தச் சிறு மாற்றமே குமிழியைவிடப் பயனுள்ள பாடம் எனலாம். தலைக்கவசத்தின் முகத்தடுப்பு முகக்கவசமாகாது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை; மூச்சு அதன் கீழ்விளிம்பு வழியே தாராளமாக வெளியேறும்.

நம்பிக்கை: உடல்வலிமை மிக்க இளம் வீரர்களை இத்தகைய தொற்று பெரிதாகத் தாக்காது.

உண்மை: இதை மறுக்கும் சான்று ஸ்டான்லி கோப்பையின் வரலாற்றிலேயே உள்ளது. 1919இல் சியாட்டிலில் நடந்த இறுதித் தொடரில் மான்ட்ரியல் கனேடியன்ஸ், சியாட்டில் மெட்ரோபாலிட்டன்ஸ் அணிகள் சமநிலையில் இருந்தபோது, இன்ஃபுளுவென்சா காய்ச்சலால் மான்ட்ரியல் வீரர்கள் பலர் படுத்துவிட, ஏப்ரல் 1 அன்று நடக்கவிருந்த முடிவாட்டம் கைவிடப்பட்டது; நான்கு நாட்களில் தடுப்பாட்டக்காரர் ஜோ ஹால் இறந்தார். கொரோனாவிலும் மின்னசோட்டா அணியின் இளம் வீரர் மார்கோ ரோசி, தொற்றுக்குப் பின் இதயத்தசை அழற்சி கண்டு, ஆட்டத்திலிருந்து மாதக்கணக்கில் விலக நேர்ந்தது.

நம்பிக்கை: தடுப்பூசி வந்தபின் நெறிமுறைகளுக்கு வேலையில்லை.

உண்மை: தடுப்பூசி கடும் நோயைத் தடுப்பதில் வலிமை மிக்கது, பரவலை முற்றிலும் நிறுத்துவதில் அவ்வாறு அன்று. ஏறத்தாழ எல்லா வீரர்களும் தடுப்பூசி செலுத்திக்கொண்டிருந்த 2021 டிசம்பரில், ஒமைக்ரான் பரவலால் ஆட்டங்கள் அடுத்தடுத்துத் தள்ளிப்போக, லீக் தன் கிறிஸ்துமஸ் விடுமுறையை முன்கூட்டியே தொடங்கியதுடன், தள்ளிப்போன ஆட்டங்களை நடத்த நாட்கள் தேவைப்பட்டதால், பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கிற்குத் தன் வீரர்களை அனுப்பும் திட்டத்தையும் கைவிட்டது.