இழுப்பு இடது பக்கம், கோளாறு வலது பக்கம்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தாத்தாவின் அம்பாசடரை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்தாயிற்று, இன்ஜின் கிளம்பிவிட்டது என்று துள்ளிக் குதித்து எழுதியிருக்கிறாய். ரொம்ப சந்தோஷம். அதற்கடுத்து ஒரு பட்டியல்: முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், 100 வாட் ஹாலஜன், ஆல்டர்னேட்டர், பின்னால் லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை. எல்லாம் முடிந்த பிறகு பின்குறிப்பு மாதிரி மூன்று வரி. பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது, ராத்திரியில் லைட் மங்கல், வண்டி டிரைவர் பக்கம் சாய்ந்து நிற்கிறது. மக்களே, நீ கடிதத்தைத் தலைகீழாக எழுதியிருக்கிறாய். எனக்குப் படிக்க வேண்டியது அந்த மூன்று வரிதான். சாமான் வாங்குகிற சங்கதியைப் பிறகு பார்ப்போம்.

"மாமா, பழைய டிரம் பிரேக்குக்கு அவ்வளவுதான் பிடிப்பு, அதனால்தான் டிஸ்க்குக்கு மாற்றப் போகிறேன்" என்பாய். அந்த வண்டி இதே பிரேக்கோடு கோதையாறு மலை ஏறி இறங்கியிருக்கிறது. முன் டிரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர் உண்டு. சக்கரம் முன்னோக்கிச் சுற்றும்போது இரண்டு ஷூவும் டிரம்மோடு சேர்ந்து தாமே இறுகும் அமைப்பு அது. எல்லாம் சரியாக இருந்தால் நம் சாலைக்கும் நீ போகிற வேகத்துக்கும் அது போதும். இப்போது சரியாக இல்லை. எது சரியில்லை என்று தெரியாமல் டிஸ்க் மாட்டினால் அந்தக் கோளாறு புது சாமானுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

இடது பக்கம் இழுக்கிறது என்றதும் நீ இடது டிரம்மைத்தான் திறந்திருப்பாய், எனக்குத் தெரியும். வலதைத் திற. இடது சக்கரம் தன் வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருக்கும், வலது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் இதுதான் கதை. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியை வாயாலும் ஊதாதே, காற்றடித்தும் ஊதாதே. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்து எடு. பிறகு வீல் சிலிண்டர் ஒவ்வொன்றிலும் பிஸ்டன் முனையில் இருக்கும் ரப்பர் மூடியை நகத்தால் பைய விலக்கிப் பார். உள்ளே காய்ந்திருந்தால் நல்லது. விரலில் வழவழப்பாக ஏதாவது பட்டால் உள் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். பிஸ்டன் விரலால் அழுத்தினால் அசைய வேண்டும். நீ இருப்பது குளச்சல், கடலுக்கு அவ்வளவு பக்கம். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் பிஸ்டன் துருவேறி அப்படியே பிடித்துப்போயிருக்கும். சிலிண்டரின் உள்சுவரில் குழி விழுந்திருந்தால் புது வாஷர் போட்டும் பிரயோஜனமில்லை. சிலிண்டரையே மாற்று, ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரண்டு பக்கமும் மாற்று. லைனிங்கும் அப்படித்தான். ஆயில் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள். சவத்தைத் தள்ளு. புது லைனிங் ஒட்டு.

இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, அட்ஜஸ்டர். முன் டிரம்மில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனித்தனியாக உண்டு. ஒன்றை முடுக்கிவிட்டு இன்னொன்றை மறந்துபோவது ஒர்க்‌ஷாப்புகளிலேயே நடக்கிறது. மற்றது, சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே உப்பி அடைத்திருக்கும். மிதிக்கும்போது ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. அந்தச் சக்கரம் மட்டும் சூடாகும். ஓட்டி வந்ததும் நான்கு டிரம்மையும் கையால் தொட்டுப் பார், பைய, சுட்டுவிடப் போகிறது. எது அளவுக்கு மீறிச் சுடுகிறது, எது சுடவே இல்லை என்று ஒரு காகிதத்தில் எழுதி வை.

உன் பெடலைப் பற்றி நீ எழுதவே இல்லை. கால் வைத்து அழுத்திக்கொண்டே இருந்து பார். பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குகிறது, வெளியே எங்கும் கசிவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷர் விடுகிறது. முதல் மிதியில் ஆழமாகப் போய் இரண்டாவது மிதியில் மேலே நின்றால் ஷூ தளர்ந்திருக்கிறது, அட்ஜஸ்ட் செய். பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று. மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்கி ஏர் எடு.

உன் மாடலில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடித் தரைக்கு அடியில் இருக்கிறது. மேட்டைத் தூக்கி, மூடியைத் திறந்துதான் ஆயில் ஊற்ற வேண்டும். எத்தனை பேர் அதைத் திறந்து பார்க்கிறார்கள் சொல்லு? இடவப்பாதிக்கு ஒரு மழை, ஐப்பசிக்கு ஒரு மழை என்று இரண்டு மழைக்காலம் நமக்கு. சாலைத் தண்ணீரெல்லாம் அங்கேதான் அடிக்கும். பிரேக் ஆயிலுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில்தான் கொதிக்கும், ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். கோதையாறு இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வரும். ஆயில் ஆவியானால் பெடல் வெறும் காற்றைத்தான் அமுக்கும். அதனால் மலையில் இரண்டாம் கியரைப் போட்டு இறங்கு. ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முழுக்க மாற்று, சீல் உடைக்காத டப்பாவாக வாங்கு. அவசரத்துக்கு என்று இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடாதே. ரப்பர் அத்தனையும் ஊதிப்போய் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

இதெல்லாம் முடிந்த பிறகும் துட்டு மிச்சமிருக்கிறது, ஏதாவது புதிதாகச் செய்தே ஆக வேண்டும் என்றால், டிஸ்க்குக்கு முன்னால் நான் சொல்வது டாண்டம் மாஸ்டர் சிலிண்டர். உன் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போச்சு, ஹேண்ட் பிரேக் மட்டும்தான் மிச்சம். டாண்டம் இருந்தால் இரண்டு சக்கரமாவது பிடிக்கும். மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் உன்னைக் காப்பாற்றப் போவது அதுதான். டிஸ்க்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அரைகுறையாகச் செய்யாதே. டிரம்மைப் போல டிஸ்க் தானாக இறுகாது, கால் பலம் கூடுதலாக வேண்டும், எனவே சர்வோ வேண்டும். டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டரில் குழாயிலேயே சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு ஒன்று உண்டு. அதோடு டிஸ்க்கைச் சேர்த்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். பின்னாளில் வந்த அம்பாசடர்களின் டிஸ்க், சர்வோ, மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் ஒரே செட்டாக எடுத்தால் மட்டும் யோசி.

இனி வயரிங். இங்கேதான் உனக்கு வெப்ராளம் அதிகம். லைட் மங்கல் என்றதும் 100 வாட் பல்பு. கேட்டியா, இரண்டு 100 வாட் பல்பு 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உன் டைனமோ நல்ல ஓட்டத்தில் கொடுப்பதே சுமார் 22. அந்தக் கரண்ட் முழுவதும் டேஷ்போர்டில் இருக்கும் ஐம்பது வருஷத்துப் பழைய சுவிட்ச் வழியாகத்தான் போய் வர வேண்டும். அந்தத் தலைமுறை வண்டிகளில் இரண்டே பியூஸ், ஹெட்லைட்டுக்கு அதுவும் கிடையாது. ஷார்ட் ஆனால் எரிவது வயர்தான்.

மல்டிமீட்டரை எடு. லைட்டைப் போட்டுவிட்டு, ஹெட்லைட் பல்பின் முனையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பார். பேட்டரியில் 12 இருந்து பல்பில் 10.5 வந்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே போய்விடுகிறது. எங்கே போகிறது என்று தேடு. முதலில் எர்த். லைட் எர்த் வயர் பாடியில் முடுக்கியிருக்கும் இடத்தைக் கழற்றிப் பார், உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு கட்டியிருக்கும். இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, முடுக்கி, மேலே வாசலின் தடவு. பிறகு இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைப் பார். அது அறுந்திருந்தால் ஸ்டார்ட்டர் கரண்ட் வேறு வழி தேடும், சோக் கேபிள் வழியாகக்கூடப் போகும். ஸ்டார்ட் செய்யும்போது கேபிள் சுட்டால் இதுதான் காரணம்.

எல்லாம் சுத்தமான பிறகு இரண்டு ரிலே, இரண்டு பியூஸ், தடித்த வயர், சாதாரண 60/55 வாட் ஹாலஜன். போதும். பழைய சுவிட்ச் ரிலேயைத் தட்டிவிடும் வேலையை மட்டும் பார்க்கும். இந்த ஒன்றை வாங்க நானே துட்டு தருகிறேன்.

ஆல்டர்னேட்டர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நெரிசலில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோ சார்ஜ் ஏற்றாது, ஆல்டர்னேட்டர் ஏற்றும். ஆனால் அதற்கு முன் பேட்டரியில் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்தாயா? மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியில் வந்த பழைய வண்டி அது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் சகஜம். அது தெரியாமல் ஆல்டர்னேட்டரை மாட்டினால் அதன் டயோடு அந்த நிமிஷமே எரிந்துபோகும். எலக்ட்ரீஷியன் வயரை வெட்டும் முன் நிறத்தையும் கவனிக்கச் சொல்லு. லூகாஸ் முறையில் பழுப்பு நேரே பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளை சாவி போட்டதும் வருவது, பச்சை பியூஸ் தாண்டி வருவது, நீலம் ஹெட்லைட், சிவப்பு சைடு லைட், கறுப்பு எர்த். கையில் அகப்பட்ட நிறத்தில் ஒட்டுப் போட்டால் அடுத்த முறை கோளாறு தேடுகிறவன் உன்னைத் திட்டுவான். அது நீயாகவே இருப்பாய்.

வண்டி சாய்ந்து நிற்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு அவசரமில்லை. முன்னால் இருப்பது காயில் ஸ்பிரிங் இல்லை, டார்ஷன் பார். முறுக்கேறித் தாங்கும் நீளக் கம்பி. டிரைவர் பக்கம் எப்போதும் ஆள் இருப்பதால் அந்தப் பக்கம் முந்தித் தளரும். உயரத்தைச் சரிசெய்ய வழி உண்டு, கம்பியை மாற்ற வேண்டியதில்லை. கழற்ற நேர்ந்தால் மட்டும் இடது வலது என்று சாக்பீஸால் எழுதிவிட்டுக் கழற்று. இரண்டும் எதிரெதிர்த் திசையில் முறுக்கேறிப் பழகியவை, மாற்றிப் போட்டால் ஒடியும். அதற்கும் முன்னால் பின்பக்கம் போய் லீஃப் பட்டைகளைப் பார். ஒரு பட்டை ஒடிந்திருந்தாலும் முன்பக்கம் சாய்ந்தது மாதிரிதான் தெரியும்.

கூடுதல் பட்டை போடும் பழக்கம் டாக்ஸிக்காரர்களுடையது. ஆறேழு பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றினார்கள், அவர்களுக்கு அது தேவை. நீயும் என் அக்காவும் ஞாயிற்றுக்கிழமை சுசீந்திரம் கோயிலுக்குப் போக எதற்கு? வண்டி தூக்கித் தூக்கிப் போடும், அவளுக்கு முதுகு வலிதான் மிச்சம். ஒவ்வொரு மூலையையும் கையால் அழுத்தி விட்டுப் பார். ஒரு தடவை எழும்பி நின்றுவிட வேண்டும். ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது, அதை மாற்று. முன்சக்கரம் திரும்பும் பின்னில் கிரீஸ் நிப்பிள் இருக்கிறது, 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை பழைய அழுக்குக் கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடி. வறண்டு தேய்ந்தால் சக்கரம் ஒரு நாள் மடங்கி உட்காரும். உன் கூட்டாளி ஒருவன் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பதாகச் சொன்னாயே, அவனிடம் இதை அப்படியே ஒப்பித்துவிடாதே. அந்த வண்டியின் கீழ் டிரனியனுக்குக் கிரீஸ் ஆகாது, 90 நம்பர் கியர் ஆயில்தான்.

எந்த மாற்றத்தையும் பாடியை வெட்டாமல், ஓட்டை போடாமல், திருப்பி மாற்றுகிற மாதிரி செய். 50 வருஷம் தாண்டிய சொந்த வண்டிகளை விண்டேஜ் என்று பதிய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நம்பரில் 'விஏ' என்று வரும், புதிதாகப் பதிய கட்டணம் 20,000 ரூபாய். சேஸிஸிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்திருந்தால் கிடையாது. அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்டவும் முடியாது, அதனால் இப்போதே ஓடிப்போய்ப் பதிந்துவிடாதே. நாளைக்கு வேண்டும் என்று தோன்றினால் வழி அடைபடாமல் இருக்கட்டும், அவ்வளவுதான்.

கழற்றுகிற டைனமோ, கட்-அவுட், பழைய சுவிட்ச், எதையும் ஆக்கர் கடைக்குப் போடாதே. உத்தரபாராவில் 2014-ல் அம்பாசடர் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், ஒரிஜினல் சாமானுக்கு இனி அலைய வேண்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டி அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் வை. அந்தப் பெட்டியைக் குப்பை என்று தூக்கிப் போட வேண்டாம் என்று நான் சொன்னதாக அக்காவிடம் சொல்லு.

அன்புடன்,
உன் மாமா
வடசேரி, நாகர்கோவில்